கல்லாச் சாவியும் கல்யாணப் பத்திரிகையும்

கடை அடைக்கும் நேரத்தில் சங்க அலுவலகத்துக்கு ஓர் உறுப்பினர் வந்தால், பெரும்பாலும் மூன்று காரணங்கள்தாம் இருக்கும். எடைக்கல் முத்திரைப் பிரச்சினை, கட்டட உரிமையாளருடன் வாடகைத் தகராறு, அல்லது ஜி.எஸ்.டி. நோட்டீஸ். இப்படித்தான் எண்ணி நாமும் நாற்காலியை இழுத்துப் போட்டோம். வந்த பெரியவர் உட்காரவில்லை. நின்றபடியே, "நீங்க சங்கத்துக்காரங்க சொன்னாத்தான் என் பையன் கேப்பான். அவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார்.

மறைமலை நகரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மளிகைக் கடை நடத்துபவர் அவர். பெயரோ, கடையின் அடையாளமோ இங்கே தேவையில்லை. தென் மாவட்டத்திலிருந்து பதினாறு வயதில் வந்து, உறவினர் கடையில் பொட்டலம் மடித்து, பிறகு பத்துக்குப் பத்து அளவில் தனிக்கடை போட்டவர். இன்று அதே கடை சில்லறையும் மொத்தமுமாக வளர்ந்து, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு உணவு சமைத்துத் தரும் ஒப்பந்தக்காரர்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் அனுப்புகிறது. அந்த மொத்த வியாபாரத்தை உண்டாக்கியவர் மகன். பி.காம். படித்து, வேலைக்குப் போகாமல் கடையிலேயே உட்கார்ந்தவர். வயது இருபத்தேழு.

கணக்குத் தாக்கல் செய்யத் தணிக்கையாளர் அலுவலகத்துக்கு மாதந்தோறும் போய் வந்த மகன், அங்கே கணக்கு எழுதும் பெண்ணை மணக்க விரும்புகிறார். பெண் வந்தவாசிப் பக்கம், வேறு சமூகம். அப்பா ஒப்பவில்லை. ஒன்றரை மாதமாக இருவரும் கடையில் பேசிக்கொள்வதில்லை. "மூட்டை வந்திருக்கு" என்பதைக்கூடக் கடைப்பையன் மூலமாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கடைசியாகப் பேசியபோது அப்பா, "கடையை உன் தங்கச்சி பேருக்கு எழுதிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். மகன் கல்லாச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு, "எழுதிக்குங்க அப்பா. நான் மாசச் சம்பளத்துக்குப் போய்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சாவியைத்தான் பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நம் மேஜைமேல் வைத்தார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமாக இருந்திருந்தால் நாம் எழுதியிருக்க மாட்டோம். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரையிலும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் வரையிலும் எத்தனையோ கடைகளின் உள்ளறைகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இதைப் பொதுவில் வைத்துச் சிந்திப்பது நல்லது எனக் கருதுகிறோம்.

கலந்து வந்த ஊர்

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தனித்தமிழ் இயக்கத்தை 1916-ல் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியது இவ்வூர். சென்னையின் நெரிசலைக் குறைக்கப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் துணை நகரமாகத் திட்டமிட்டு அமைத்தது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தவர்கள் சொற்பம். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்கள் நாம்.

1999-ல் ஃபோர்டு கார் ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஆலைகள் வரவர, எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, ஒரே தெருவில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். நம் கடைகளில் மாதப் பற்று வைத்தவர்கள் அவர்கள்தாம். ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் கடைசிக் காரை வெளியே அனுப்பியபோது, பற்று நோட்டில் பாக்கி நின்றதும் நமக்குத்தான்.

இப்படிப் பல ஊர், பல சமூகம் கலந்து வாங்கினால்தான் நம் கல்லா நிறையும். அதே கலப்பு நம் வீட்டு வாசற்படி ஏறும்போது மட்டும் நாம் திடுக்கிடுகிறோம். பெரியவரிடம் நாம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "வியாபாரம் வேற, சம்பந்தம் வேற" என்றார். அந்தப் பதிலை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

சம்பந்தமே மூலதனமாக இருந்த காலம்

வணிகக் குடும்பங்கள் உறவுக்குள்ளேயே மணம் முடித்ததற்கு ஆசாரம் மட்டும் காரணமன்று. கடனும் ஒரு காரணம். வங்கி எட்டாத காலத்தில் ஒரு வியாபாரிக்கு முன்பணம் கொடுத்தவர் யார்? மாமனார், மைத்துனர், பங்காளி. நகரத்தார் பெருமக்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். கூட்டாளியும் ஏஜெண்டும் பெரும்பாலும் தம் சமூகத்திலிருந்தே வந்தார்கள். ஒன்பது கோயில்களை அடியாகக் கொண்ட அவர்களது பிரிவுகளே யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்பதைத் தீர்மானித்தன. நம்பிக்கையும் பணமும் ஒரே வழியில் ஓடின.

தென் மாவட்டங்களில் நாடார் பெருமக்களின் உறவின்முறையும் மகமையும் அப்படித்தான். ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள், ஆதரவற்றவர்களைத் தாங்கினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. கடன் கிடைக்காமல் தவித்த ஒரு சமூகம் தானே தனக்கு வங்கி கட்டிக்கொண்ட வரலாறு அது. நம் பெரியவருக்குத் தனிக்கடை போட முதல் சரக்கைக் கடனாகக் கொடுத்தவர் அவருடைய அக்காள் கணவர்தாம். இன்றைக்கும் அவர் மண்டியிலிருந்துதான் பருப்பு வருகிறது. "மச்சான் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?" என்று பெரியவர் கேட்டபோது, அந்தக் கேள்விக்குள் உறவும் இருந்தது, பாக்கியும் இருந்தது.

ஆனால் அதே நாடார் வங்கி 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டு எல்லோருக்கும் கதவைத் திறந்தது. நகரத்தார் குடும்பத்தைச் சேர்ந்த எம்.சிதம்பரம் செட்டியார் 1937-ல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1969-ல் நாட்டுடைமை ஆனது. 1996-ல் கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது, பழைய தெருவின் உறவுமுறைகள் பல கலைந்து புதுக் கணக்குகள் தொடங்கின. 2017 ஜூலை 1-ல் சரக்கு சேவை வரி வந்தபின், யாரிடம் வாங்கினாலும் பில் வேண்டும், தவறாமல் தாக்கல் செய்பவரிடம் வாங்கினால்தான் உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்கும் என்றாகிவிட்டது. இன்று நமக்குக் கடன் தருகிற வங்கி மேலாளர் நம் சம்பந்தி யார் என்று கேட்பதில்லை. மூன்று வருட ஐந்தொகையைத்தான் கேட்கிறார்.

ஆக, சம்பந்தம் என்பது மூலதனமாக இருந்த காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பழக்கம் மட்டும் தொடர்கிறது. காரணம் போனபின் தொடரும் பழக்கத்தை ஒருமுறையாவது எடுத்து எடை போட்டுப் பார்ப்பது வியாபாரிக்கு அழகு.

வணிகர் குலத்தில் பிறந்த ஒரு தந்தை

அப்பன் மகன் தகராறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காந்தியடிகளின் குடும்பம். அவர் குஜராத்தின் மோத் பனியா என்ற வணிகர் குலத்தில் பிறந்தவர். 1888-ல் படிப்பதற்காகக் கடல் கடந்து லண்டன் புறப்பட்டபோது, பம்பாயிலிருந்த சாதித் தலைவர்கள் அவரைச் சாதியிலிருந்து விலக்கினார்கள். வழியனுப்பச் செல்பவர்களுக்கு ஒரு ரூபாய் நான்கணா அபராதம் என்றும் கட்டளையிட்டார்கள். அவர் போய்த்தான் வந்தார். அப்படி ஊர்க்கட்டுப்பாட்டை மீறிய அதே மனிதர், தம் பிள்ளைகள் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பது நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

மூத்த மகன் ஹரிலால் 1906-ல், தந்தை தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, இந்தியாவில் குலாப் என்ற பெண்ணை மணந்தார். பெண் நல்ல குடும்பம்தான், தந்தையின் நண்பர் மகள். ஆனாலும், இந்த வயதில் கல்யாணம் வேண்டாம் என்பது தந்தையின் எண்ணம். மகன் கேட்கவில்லை. அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், அவனை மகனாக நினைப்பதையே நிறுத்திவிட்டேன் என்ற பொருள்பட எழுதினார் காந்தி. இருவருக்கும் இடையே விழுந்த பிளவுக்குப் பின்னாளில் வேறு காரணங்களும் சேர்ந்தன. குலாப் 1918-ல் விஷக்காய்ச்சலில் இறந்தார். ஹரிலால் வியாபாரத்தில் இறங்கினார். அவர் இயக்குநராக இருந்த ஒரு கம்பெனியில், காந்தியின் பெயரை நம்பிப் பணம் போட்ட ஒருவருக்காக ஒரு வழக்கறிஞர் காந்திக்கே கடிதம் எழுதினார். அதற்கு 1925 ஜூனில் 'யங் இந்தியா' இதழில் பகிரங்கமாகவே பதில் சொல்லி, மகனின் வியாபாரத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று அறிவித்தார் தந்தை. நமக்குத் தெரிந்த வணிகக் குடும்பங்களில் செய்தித்தாளில் வரும் 'இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்ற விளம்பரம் அது. தந்தை சுடப்பட்ட அதே 1948-ல், ஜூன் மாதம், ஹரிலாலும் இறந்தார். பிளவு கடைசிவரை ஆறவில்லை.

இரண்டாவது மகன் மணிலால் தென்னாப்பிரிக்காவில் ஒரு முஸ்லிம் பெண்ணை மணக்க விரும்பினார். 1926-ல் காந்தி எழுதிய கடிதம் கடுமையானது. மதம் வேறு, பிறக்கும் பிள்ளைகள் எந்த மதம், பொதுவாழ்க்கை என்னவாகும் என்று வரிசையாகக் கேட்டார். மணிலால் விட்டுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே தந்தை சம்மதித்த பெண்ணை மணந்தார். சாதித் தலைவர்களை எதிர்த்துக் கப்பல் ஏறிய மனிதர், தம் மகனுக்கு அன்று சாதித் தலைவர் இடத்தில் நின்றார் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கதைதான் நமக்கு நெருங்கியது. கடைசி மகன் தேவதாஸ் நம் சென்னைக்குப் புதியவரல்லர். 1918-ல் இந்தி கற்பிக்க அனுப்பப்பட்டு இங்கே தங்கியவர். அவருக்கும் ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் அன்பு மலர்ந்தது. தேவதாஸ் வணிகர் குலம். லட்சுமி பிராமணக் குலம். 1927 வாக்கில் விஷயம் பெரியவர்களுக்குத் தெரிந்தபோது பெண்ணுக்கு வயது பதினைந்து. இரண்டு தந்தையரும் உடனே சம்மதிக்கவும் இல்லை. கதவைச் சாத்தவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் இருங்கள், அதன்பின்னும் மனம் மாறாவிட்டால் முடித்து வைக்கிறோம் என்றார்கள். இருவரும் காத்திருந்தார்கள். மனம் மாறவில்லை. 1933 ஜூன் 16-ல் புனாவில், காந்தி இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் முடித்து உடல் தேறிக்கொண்டிருந்த வீட்டிலேயே, இரு தந்தையர் முன்னிலையில் மணம் நடந்தது. பழமைவாதிகள் கூச்சலிட்டார்கள். மணமக்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். தேவதாஸ் 'இந்துஸ்தான் டைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியரானார். அவர்கள் மகன் ராஜ்மோகன் காந்தி இரண்டு தாத்தாக்களின் வரலாற்றையும் எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. மூத்த மகன்களின் காலத்தில் கட்டுப்பாடு பேசிய காந்தி, தம் கடைசிக் காலத்தில், மணமக்களில் ஒருவர் அரிஜனாக இருந்தால்தான் அந்தத் திருமணத்துக்கு ஆசி என்ற அளவுக்கு வந்துவிட்டார். ஒரு தந்தை மாறுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியின் விலையை மூத்த மகன் கொடுத்தார்.

இந்த மூன்று கதைகளையும் பெரியவரிடம் சொன்னோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் காந்தி. பாக்கி வச்சவன் நான்" என்றார். நியாயமான பதில்தான். ஆகவே சட்டத்தையும் கணக்கையும் பேசினோம்.

சட்டம் என்ன சொல்கிறது

ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது முடிந்திருந்தால் திருமண முடிவு அவர்களுடையது. பெற்றோர் சம்மதம் சட்டத்தின் நிபந்தனை அன்று. இருவரும் இந்துக்களாக இருந்து சாதி மட்டும் வேறானால், 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படியே மணந்துகொள்ளலாம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த தமிழ்நாடு திருத்தத்தின்படி, புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும். மதம் வேறானால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். எந்த முறையில் நடந்தாலும், 2009-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம்.

பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்யலாம்? உச்ச நீதிமன்றம் 2006-ல் லதா சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது: அதிகபட்சம் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ளலாம், மிரட்டவோ துன்புறுத்தவோ கூடாது. 2011-ல் நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்றது. 2018-ல் சக்தி வாஹினி வழக்கில், வயதுவந்த இருவர் மணம் செய்வதில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமையில்லை என்றது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே பார்த்தது. கோபத்தில் யாரோ நாலு பேரிடம் 'நீங்க பாத்துக்குங்க' என்று சொல்லிவிடும் தந்தை, தாம் எதற்குப் பிள்ளையார் சுழி போடுகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். இந்த இதழைப் படிக்கும் எந்த உறுப்பினரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

சொத்து விஷயம் வேறு. பெரியவர் தாமே சம்பாதித்த கடையையும் மனையையும் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்தால் இன்னும் நல்லது. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் உள்ள பங்கைக் கோபத்தால் அழிக்க முடியாது. மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989 முதலே உண்டு. நாடு முழுவதும் 2005-ல் வந்தது. உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, தாயார், மகன்கள், மகள்கள் சமமாகப் பெறுவார்கள். மகன் வேறு சாதியில் மணந்தான் என்பது அந்தப் பங்கை ஒரு பைசாகூடக் குறைக்காது.

கூட்டு வியாபாரமாக இருந்தால் ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதி வைக்காவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனமே கலைந்துவிடும். நம் பெரியவரின் கடையில் பத்திரமே இல்லை. மொத்த வியாபாரத்தை மகன் உண்டாக்கியிருந்தும், பதிவெல்லாம் தந்தை பெயரிலேயே இருந்தது. மகன் போய்விட்டால் மொத்த வியாபாரமும் அவர் பின்னாலேயே போய்விடும் என்பது பெரியவருக்கும் தெரிந்திருந்தது. தங்கை பெயருக்குக் கடையை எழுதலாம். ஒப்பந்தக்காரர்களின் நம்பிக்கையை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

மகனிடமும் பேசினோம்

மறுநாள் மாலை மகனைத் தனியே அழைத்தோம். அவர் பக்கத்திலும் சில பிசகுகள் இருந்தன. இரண்டு வருடப் பழக்கத்தை அப்பாவிடம் அவர் வாயால் சொல்லவில்லை. சரக்கு இறக்க வந்த வண்டி ஓட்டுநர் சொல்லித்தான் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. "நாலு பேர் முன்னால கேட்டேன் பாருங்க, அதான் தாங்கல" என்று பெரியவர் சொன்னது அதைத்தான். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் தன் காரியம் அவளுக்கு இடையூறாகுமே என்ற கவலைக்கும் மகனிடம் பதில் இல்லை. "அவளுக்கும் இதே மாதிரி யோசிக்கிற மாப்பிள்ளை வருவான்" என்றார். வரலாம். வராமல் தாமதமும் ஆகலாம். அந்தப் பாரத்தை யார் சுமப்பது என்று கேட்டோம். தலை குனிந்தார்.

"கடை வேணாம்னு சொன்னது கோபத்துல. பதினஞ்சு வயசுலேருந்து இந்தக் கல்லாவுலதான் உட்கார்ந்திருக்கேன். வேற எங்க போவேன்?" என்றார் பிறகு. தந்தையும் மகனும் ஒரே கடையைத்தான் இழக்கப் பயந்தார்கள்.

ஐந்து ஆண்டு காத்திருங்கள் என்று சொல்ல நாம் காந்தியும் அல்ல, ராஜாஜியும் அல்ல. அன்று லட்சுமிக்கு வயது பதினைந்து. இங்கே இருவரும் வயதுவந்தவர்கள், சம்பாதிப்பவர்கள். ஆனால் அந்தக் கதையில் ஒரு நல்ல கூறு உண்டு. முடியாது என்று சொல்லாமல், எப்போது என்று சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாத அவகாசம் என்று பேசி முடித்தோம். அதற்குள் மகன் அப்பாவை அழைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அத்தை மாமாவிடம் தாமே நேரில் சொல்ல வேண்டும். தங்கைக்கு வரன் தேடுவதில் முன்னால் நிற்க வேண்டும். அப்பா மகனைக் கூட்டாளியாகச் சேர்த்துப் பத்திரம் எழுத வேண்டும். இந்த ஆறு மாதத்தில் யாரையும் தூது விடவோ மிரட்டவோ கூடாது. சாவி யாரிடம் இருப்பது என்று இருவரும் நம்மைப் பார்த்தார்கள். கடை திறப்பவரிடம் என்றோம். காலை ஐந்தரைக்கு மகன்தான் திறக்கிறார்.

வரவும் செலவும்

முடிவு என்னவென்று கேட்பீர்கள். ஆறு மாதம் எட்டு மாதமாக நீண்டது. திருமணம் நடந்தது, பதிவும் ஆயிற்று. பெரியவர் வந்தார், ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் கிளம்பியவரை மருமகளின் தகப்பனார் வாசல்வரை போய்க் கைப்பிடித்து அழைத்துவந்து இலையில் உட்கார வைத்தார். அவர் செய்யாற்றுப் பக்கம் நெல் வியாபாரம் பார்த்தவர் என்பது அப்போதுதான் பெரியவருக்குத் தெரிந்தது. அதன்பின் அரிசி விலையைப் பற்றி இருவரும் ஒரு மணி நேரம் பேசியதை நாம் பார்த்தோம்.

அக்காள் கணவர் திருமணத்துக்கு வரவில்லை. மண்டியிலிருந்து கடனில் வரும் சரக்கையும் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் வேறிடத்தில் ரொக்கத்துக்கு வாங்கினார்கள், சிரமம்தான். மூன்றாம் மாதம் மண்டியிலிருந்து கணக்குப் பிள்ளை போன் செய்து, 'துவரை வந்திருக்கு, எத்தனை மூட்டை போடட்டும்?' என்று கேட்டாராம். மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டும் வாடிக்கையை யார்தான் விடுவார்? உறவு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, வியாபாரம் திரும்பிவிட்டது. தங்கைக்கு இன்னும் வரன் அமையவில்லை. கூடி வந்த ஓரிடம் இதைக் காரணம் காட்டி விலகியது. அந்த வருத்தம் அந்த வீட்டில் இருக்கிறது. அதை மறைத்து இனிப்பாக எழுத நமக்கு மனமில்லை.

நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்துதான் என்று 2011-12-ல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு கூறியது. ஆகவே உங்கள் வீட்டில் நடக்காது என்று எண்ணுவது சுலபம். ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியும், நம் கடைக்கு வரும் வாடிக்கையும், கணக்கு எழுதும் அலுவலகமும் எல்லாச் சமூகமும் கலந்தவை. பேச்சு வரத்தான் செய்யும்.

வணிகப் பெருமக்களுக்கு நாம் பணிவுடன் சொல்வது சிலதான். பிள்ளைக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டால், கடையில் அவருடைய பங்கு என்ன என்பதை எழுத்தில் வையுங்கள். பங்கைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். விருப்பம் என்று பிள்ளை வந்து சொன்னால், அன்றே பதில் சொல்லாதீர்கள். பெண்ணையோ பையனையோ ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கோபத்தில் எழுதும் உயிலை ஒரு மாதம் பெட்டியில் வைத்திருங்கள். இளைஞர்களே, உங்கள் செய்தி அப்பாவின் காதுக்கு ஊரார் வாயிலிருந்து போக விடாதீர்கள். தங்கையின் வாழ்க்கையையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மே 5, வணிகர் தினத்தன்று கடையை அடைத்துவிட்டு எல்லோரும் ஒரே பந்தலில் கூடுகிறோம். பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார் என்று சாதி பார்த்து உட்காருவதில்லை. கடையடைப்பு என்றால் ஒன்றாக ஷட்டரை இறக்குகிறோம். ஒருவர் கடை தீப்பிடித்தால் ஒன்றாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தப் பந்தலின் பழக்கத்தைக் கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம்.

சென்ற வாரம் அந்தக் கடைப்பக்கம் போயிருந்தோம். கல்லாவில் பெரியவர். உள்ளே கணினியில் மருமகள் மாதக் கணக்கைத் தாக்கல் செய்துகொண்டிருந்தார். "தணிக்கையாளர் பீஸ் மிச்சம்" என்றார் பெரியவர் நம்மிடம், குரலைத் தாழ்த்தி. பிறகு உள்ளே பார்த்து, "அம்மா, சங்கத்துக்காரங்க வந்திருக்காங்க, டீ சொல்லு" என்றார்.